இளைப்பாறிய விமானியின் வீட்டு வானம்



தொழிலிலிருந்து இளைப்பாறியோர் தம் பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதை நாம் நாள்தோறுங் காண்கிறோம். ஒருவர் தோட்டஞ் செய்கிறார். இன்னொருவர் கோயிற் பரிபாலன சபைக்குத் தலைவராகிறார். வேறொருவர் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறார். ஆனால், முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளாகச் செய்த அதே வேலையை, ஊதியமுமின்றி, ஏவுவாருமின்றி, வீட்டின் ஓர் அறையிலே இருந்துகொண்டு மறுபடியுஞ் செய்து மகிழ்பவர் மிக அரியர். இளைப்பாறிய இலிகிதர் ஒருவர் பொய்ப் பேரேடுகளை விரித்து வைத்துக்கொண்டு, இல்லாத கந்தோருக்குக் கணக்கெழுதுகிறார் என்று கேள்வியுற்றால், அவர் வீட்டாருக்காக நாம் இரங்குவோம்.

மேனாடுகளிலே பெரிய விமானக் கொம்பனிகளிற் கப்டனாயிருந்து இளைப்பாறியவர்களுட் சிலர் இதனையே செய்கின்றனர். கணினித் திரையின் முன்னே கதிரையைப் போட்டமர்ந்து, விமானத்தின் சுக்கானைப் போன்ற ஒரு பிடியைக் கையிற் பற்றி, இல்லாத விமானத்தை இல்லாத வானத்திலே செலுத்தி, இல்லாத பயணிகளை லண்டனில் ஏற்றி நியூயோர்க்கில் இறக்குகின்றனர். சிமியுலேற்றர் என்று உலகம் வழங்கும் இச்சாதனத்தைப் பாவனைப் பறப்புக் கருவி என்று நாம் கூறிக்கொள்ளலாம். சிறுவர் விளையாட்டென்று பலர் ஒதுக்கிவிடும் இதிலே, உண்மை விமானத்தை முப்பதாண்டு ஓட்டிய ஒருவர் காணும் இன்பம் யாது? பாயசம் உண்டவன் பாயசத்தின் படத்தைப் பார்த்து மகிழ்வானா? இவ்வினாவை எடுத்துக்கொண்டே இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன்.

முதலில், விமானமோட்டியின் இளைப்பாறுதல் மற்றையோரின் இளைப்பாறுதலைப் போன்றதன்று என்பதைச் சொல்லவேண்டும். வழக்கறிஞர் எழுபது வயதிலும் வாதாடலாம். வைத்தியர் வீட்டு விறாந்தையிலிருந்தே நாடி பார்க்கலாம். எங்கள் நாட்டு ஆசிரியரோ இளைப்பாறிய மறுநாளிலிருந்துதான் உண்மையாக உழைக்கத் தொடங்குகிறார். தனிப்பாட வகுப்புகள் அவரை விடுவதில்லை. விமானிக்கு அந்த வாய்ப்பு இல்லை. சர்வதேச விதிகளின்படி, 65 வயது நிறைந்தவர் நாடுகளுக்கிடையிலான வர்த்தக விமானத்தைச் செலுத்தலாகாது. 2006 நவம்பருக்கு முன்னர், தலைமை விமானிக்கு இந்த வரம்பு 60 ஆகவே இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1960 தொடக்கம் 2007 டிசம்பர் வரை 60 வயதே எல்லை. பிறந்தநாளுக்கு முதல்நாள் முந்நூறு பேருடைய உயிரைச் சுமந்து சமுத்திரத்தைக் கடந்தவர், பிறந்தநாளன்று அந்த ஆசனத்திற்கு உரியவரல்லர். தச்சன் தன் உளியையும், நாதசுரக் கலைஞன் தன் குழலையும் வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். இவருடைய கருவியோ, போயிங் 747 எனில், 230 அடிக்குமேல் நீளமுடையது. அதனை எந்த முற்றத்திலே கட்டி வைப்பது? சிறிய விமானமொன்றை வாடகைக்கு எடுத்துப் பறக்கலாமே என்பீர்கள். பறக்கலாம், ஆனால், அதற்குப் பணமும் வேண்டும், வைத்தியரின் உடற்சோதனையிலே தேறவும் வேண்டும். வயது ஏற ஏற இரண்டும் கடினமாகின்றன.

ஆகவே, ஒரு மனிதனின் வித்தை முழுவதும் நாட்காட்டியில் ஒரு குறித்த தினத்தோடு கையை விட்டுப் போகின்றது. இந்த இடத்திலேதான் வீட்டுக் கணினி வந்து சேர்கிறது.

விமானிக்குப் பாவனைக் கருவி புதிய பொருளன்று. அவருடைய தொழில் வாழ்வு முழுவதும் அது நிழல்போல் அவரைத் தொடர்ந்து வந்தது. விமானக் கொம்பனிகளின் பயிற்சிக் கூடங்களிலே, ஆறு நீண்ட உந்துகால்களின்மேல் ஒரு பெரிய பெட்டி நிற்கும். உள்ளே நுழைந்தால், ஒரு திருகாணியும் வேறுபடாத விமானியறை. யன்னலுக்கு வெளியே நகரங்களும் மேகங்களும் ஒளியுருவாகத் தெரியும். விமானம் ஓடுபாதையிலே வேகமெடுப்பதாகக் காட்ட வேண்டுமானால், உந்துகால்கள் பெட்டியின் முகப்பை மெல்ல மேலே தூக்கிவிடும். உள்ளே இருப்பவரின் முதுகு ஆசனத்திலே அழுந்தும். பூமியின் ஈர்ப்பையே வேகத்தின் உந்துதலென்று உடல் நம்பிவிடும். அத்துணைத் திறமான ஏமாற்று. இவற்றின் தரம் இன்று எவ்வளவு உயர்ந்துள்ளதெனில், அனுபவமுள்ள விமானி ஒருவர் புதியவகை விமானமொன்றுக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் இப்பெட்டிக்குள்ளேயே முடிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. அந்த வகை விமானத்தை அவர் முதன்முதலாக மெய்யாகக் கிளப்பும்போது, பின்னால் பயணிகள் அமர்ந்திருக்கிறார்கள். அவருக்குப் பக்கத்திலே பயிற்றுநரான கப்டன் இருக்கிறார் என்பது நமக்கு ஆறுதல்.

ஆனால், அந்தப் பெட்டியை எந்த விமானியும் ஆசையோடு அணுகுவதில்லை. அது பரீட்சை மண்டபம். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதற்குள் நுழைந்து தம் திறமையை நிறுவவேண்டும். பின்னால் அமர்ந்திருக்கும் பரீட்சகர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். மேலெழும் கணத்திலே ஓர் இயந்திரம் தீப்பற்றுகிறது. இன்னொன்றை அழுத்துகிறார், ஓடுபாதை மூடுபனியிலே மறைகிறது. தவறினால் மறுபயிற்சி, மறுபடியுந் தவறினால் பிழைப்பே போய்விடும். முப்பது ஆண்டு சேவையிலே இவ்வாறு அறுபது தடவையளவிற் சோதிக்கப்பட்டவர் அவர். எங்கள் மாணவர் ஒரேயொரு சாதாரணதரப் பரீட்சை வருகிறதென்றாலே காய்ச்சலில் விழுகின்றனர்.

அப்படி அஞ்சி அஞ்சிப் புகுந்த அறையை, இளைப்பாறிய பின்னர் தம் கைப்பணத்திலே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறார் என்றால், அதிலே சிந்திக்க வேண்டிய பொருள் உண்டு.

வேடிக்கை என்னவெனில், இக்கருவி பிறந்ததே ஏறத்தாழ ஒரு விளையாட்டுப் பொருளாகத்தான். நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்ரன் நகரிலே எட்வின் லிங்க் என்னும் இளைஞர் இருந்தார். அவர் தந்தையார் பியானோவும் ஓகன் வாத்தியமுஞ் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். பழைய தேவாலயங்களிலே ஓகன் வாத்தியத்தைக் கண்டோர், துருத்தி காற்றை அடைக்க, வால்வுகள் அதனைப் பங்கிட்டுக் குழல்களுக்கு அனுப்பும் அமைப்பை அறிவர். விமானமோட்டப் பழகும் செலவு மிகுதியாயிருந்தமையால், லிங்க் அந்தத் துருத்திகளையும் வால்வுகளையுங் கொண்டே, குட்டை இறகுகளோடு கூடிய ஒரு மரப்பெட்டியைத் தரையிலிருந்தபடி சாயவும் திரும்பவும் செய்தார். அஃது 1929 ஆம் ஆண்டு. விமானப் பாடசாலைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. களியாட்டப் பூங்காக்களே வாங்கின. காசு போட்டுச் சிறுவரும் பெரியவரும் ஏறி ஆடினர். 1934 பெப்ரவரியில் ஜனாதிபதி றூஸ்வெல்ற் தனியார் கொம்பனிகளின் தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியை இராணுவ விமானப்படையிடம் ஒப்படைத்தார். மாரிகாலம், இரவு, மேகம். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத அப்படையினரிற் பத்துப் பேருக்கு மேல் சில வாரங்களுக்குள்ளேயே மாண்டனர். அதன் பிறகே படையினர் லிங்கின் பெட்டியை நாடினர். அவ்வாண்டில் ஆறு வாங்கினர். இரண்டாம் உலகப் போர் முடியுமுன் அத்தகைய நீலப் பெட்டிகள் ஆயிரக்கணக்கிலே செய்யப்பட்டன. பூங்காவின் ஊஞ்சல் பரீட்சை மண்டபமான கதை இது. இளைப்பாறிய விமானி அதனை மறுபடியும் பூங்காவுக்குக் கொண்டுவருகிறார் என்று கொள்க.

வீட்டுக்கு அது வந்த வழி வேறு. இலினோய் பல்கலைக்கழகத்திலே மின்பொறியியல் பயின்ற புறூஸ் ஆற்விக் என்பவர், 1975 இல் தாம் எழுதிய ஆய்வுரையிலே, சிறிய கணினியொன்றின் திரையிற் பறப்பை உயிரோட்டமாகக் காட்ட முடியுமென நிறுவினார். அதிலிருந்து தோன்றிய செய்நிரலை மைக்ரோசொப்ற் கொம்பனி 1982 நவம்பரிலே வெளியிட்டது. அன்று திரையிலே தெரிந்தவை சில கோடுகளே. மலையென்றால் ஒரு முக்கோணம். இன்றோ, 2020 இலும் 2024 இலும் வெளிவந்த பதிப்புகளிலே, செய்மதியும் விமானமும் எடுத்த படங்களைக் கொண்டு பூவுலகம் முழுவதையும் அமைத்துவிட்டார்கள். உலகத்தின் விமானத் தளங்கள் 37,000 அளவில் அதிலுள. இந்த நிமிடத்திலே லண்டனில் மழையென்றால், திரையிலும் மழை.

ஆயினும் ஒரு செய்தி எனக்கு இவை எல்லாவற்றினும் சுவையாகத் தோன்றுகிறது. அந்தப் பழைய செய்நிரலைத் திறந்தவுடன் விமானம் நின்ற இடம், சிக்காகோ நகரத்து ஏரிக்கரையிலிருந்த மெயிக்ஸ் என்னும் சிறு விமானத்தளம். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர், சிக்காகோவை ஒருநாளுங் கண்டறியாதவர், அந்த ஓடுபாதையிலிருந்தே முதன்முதற் பறக்கக் கற்றனர். 2003 மார்ச் 30 ஆம் திகதி இரவு, நகர மேயர் றிச்சட் டேலியின் ஆணைப்படி, மண்வெட்டும் இயந்திரங்கள் வந்து அந்த ஓடுபாதையின் குறுக்கே பெரிய பெருக்கற் குறிகளைக் கிண்டிப் போட்டன. விடியும்போது அங்கே விமானத்தளம் இல்லை. பின்வந்த பதிப்புகளிலிருந்தும் அது நீங்கியது. ஆனால் ஆர்வலர் விடவில்லை. தாமே அதனை மறுபடி வரைந்து தம் கணினிகளிற் சேர்த்துக்கொண்டனர். மண்ணிலே அழிந்த ஒன்றிலே இன்றும் விமானங்கள் ஏறி இறங்குகின்றன.

இனி, என் வினாவுக்கு வருகிறேன். வீட்டுத் திரையின் முன்னே கதிரை அசைவதில்லை, வயிறு கலங்குவதில்லை, செவி அடைப்பதில்லை. உடலுக்கு ஒன்றுமே எட்டாத இந்தப் பறப்பிலே, உண்மைப் பறப்பை அறிந்தவர்தாமே மிகுந்த குறை காண வேண்டும்? சிறிய விமானங்களை, காற்றின் ஒவ்வோர் அசைவையும் இடுப்பால் உணர்ந்து ஓட்டியவர்கள் அவ்வாறே குறை கூறுகின்றனர். ஆனால், பெரிய பயணிகள் விமானத்தை ஓட்டியவரின் நிலை வேறு. அவர் கற்ற முதற் பாடமே உடலை நம்பாதே என்பது. நமது உட்செவியிலே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது திரவம் பின்தங்குவதைக் கொண்டு, திரும்புகிறோம் என்று மூளை உணர்கிறது. மேகத்துக்குள் விமானம் ஒரே சீராக வளைந்துகொண்டே இருந்தால், சிறிது நேரத்திலே அத்திரவமும் அந்தச் சுழற்சியோடு இணைந்து விடுகிறது. வளையும் விமானம் நேரே போவதாக உடல் சாதிக்கிறது. விமானத்தை நேராக்கினாலோ, மறுபக்கம் சாய்கிறோமென்று அலறுகிறது. அந்தக் குரலைக் கேட்டு விமானத்தைத் திருத்தப் போய் மாண்டோர் பலர். ஆகவே, உடலின் சாட்சியத்தைத் தள்ளி, செயற்கை அடிவானக் கருவியும், உயரமானியும், வேகமானியுஞ் சொல்வதையே மெய்யெனக் கொள்ளும் ஒரு துறவு அவருக்குப் பழக்கப்பட்டுள்ளது. முப்பதாண்டு அந்தத் துறவிலே நின்றவருக்கு, கதிரை அசையாதது ஒரு குறையாகுமா? அவர் தொழிலிலே மெய்யென்று மதித்த அத்தனையும் திரையிலே இருக்கின்றன. வானொலி நாடகத்துக்குப் பழகிய உங்களுக்கு இதனை நான் விரித்துக் கூறவேண்டியதில்லை. குரலும் காலடியோசையும் சரியாயிருந்தால், மேடை எங்கே என்று நீங்கள் தேடுவதில்லை.

அவருக்கு இன்பந் தருவது கணக்கு. ஆம், மனக்கணக்கு. 35,000 அடி உயரத்திலே செல்லும் விமானத்தை எந்த இடத்திலே இறக்கத் தொடங்குவது? ஆயிரங்களை மூன்றாற் பெருக்கினால் 105 கடல்மைல். வேகந் தணிக்க இன்னுஞ் சிறிது கூட்டிக்கொள். எதிர்க்காற்றானால் சற்றுப் பிந்து, பின்காற்றானால் முந்து. தரையைச் சார்ந்த வேகம் மணிக்கு 140 கடல்மைலாயின், ஐந்தாற் பெருக்கு. நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கு. கணினிகள் இவற்றையெல்லாம் தாமே கணித்துக் காட்டினாலும், நல்ல விமானி தம் தலையிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வார். இயந்திர விசையைத் தொடாமல், கணக்குப் பிசகாமல், நூறு மைல் வழுக்கி வந்து குறித்த உயரத்திலே குறித்த வேகத்தோடு நிற்பது என்பது, வெண்பாவின் ஈற்றடியிலே சீர் தானாக வந்து விழுவதைப் போன்றது. அந்த இன்பத்துக்குப் பயணிகள் வேண்டுவதில்லை.

ஹொங்கொங் நகரத்துக் காய் டாக் விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கடலை நிரப்பி அமைத்த ஒற்றை ஓடுபாதை; வடக்கே மலைகள்; கரையிலே கவுலூன் நகரத்தின் அடுக்குமாடி வீடுகள். வடமேற்கிலிருந்து அந்த ஓடுபாதைக்கு நேராக வந்திறங்க மலைகள் இடங்கொடா. ஆகவே விமானி, வானொலிக் கதிரொன்றின் வழிகாட்டலோடு, ஓடுபாதையை நோக்கியல்ல, ஒரு குன்றை நோக்கியே இறங்கி வருவார். அந்தக் குன்றின் சரிவிலே செம்மையும் வெண்மையுமாகப் பெரிய சதுரங்கக் கட்டங்கள் தீட்டப்பட்டிருந்தன. கட்டங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்ததும், தானியங்கியைத் துண்டித்து, கையினாலேயே விமானத்தை வலப்புறமாக 47 பாகை திருப்பவேண்டும். 250 தொன் எடையுள்ள விமானம் கூரைகளின்மேல் சாய்ந்து வளையும். ஓடுபாதைக்கு நேரே வந்து சேரும்போது உயரம் 200 அடிக்குங் குறைவு. குறுக்கே காற்றடித்தால் இந்த வளைவு ஓடுபாதையைக் கடந்து இழுத்துச் செல்லும். ஓடுபாதையின் மறுமுனையிலோ கடல். 1993 நவம்பர் 4 ஆம் திகதி, புயற்காற்றிலே இறங்கிய 747 ஒன்று நிற்கமாட்டாமல் ஓடிக் கடலிலே விழுந்தது. அதிலிருந்த 396 பேரும் உயிர் தப்பினர்.

1998 ஜூலை 6 ஆம் திகதி, நள்ளிரவு கடந்தபின், இறுதி விமானம் புறப்பட்டுச் சென்றதும், அங்கே ஒரு சிறு வைபவத்தோடு ஓடுபாதை விளக்குகளை அணைத்தார்கள். அந்த விளக்குகளோடு, அந்த 47 பாகை வளைவை அறிந்த கைகளின் அறிவும் அணைந்தது. வேறெங்கும் அது பயன்படாது. சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு மொழியைப் பேசும் ஊர் அழிந்துவிட்டது போன்ற நிலை. இன்று அந்த ஓடுபாதையின் நுனியிலே உல்லாசக் கப்பல்கள் கட்டுகின்றன. மற்றை இடத்திலே வீடுகளும் விளையாட்டரங்கும் எழுந்துள்ளன. ஆனால் வீட்டுக் கணினியிலே காய் டாக் திறந்தேயிருக்கிறது. மெயிக்ஸைப் போலவே அதனையும் ஆர்வலர் தெருத்தெருவாக, கட்டங்கட்டமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே முன்னாளிலே இறங்கிய ஒரு விமானி, உத்தியோக காலத்திலே மாதத்துக்கு ஓரிரு தடவை பெற்ற அந்த வளைவை, இன்று ஒரு மாலைப்பொழுதிலே இருபது தடவை செய்து பார்க்கலாம். காற்றைத் தாமே தெரிந்துகொள்ளலாம். பிசகினால் ஒரு பொத்தான். மறுபடியும் பத்து மைலுக்கு அப்பால். உத்தியோக காலத்திலே, இறங்காமல் மேலெழுந்து சுற்றி வந்தால், அதற்கு எரிபொருட் கணக்கும் விளக்கமும் உண்டு. இங்கே கேட்பாரில்லை.

இன்னுஞ் சிலர் தாம் ஓட்டக் கிடைக்காத விமானங்களைத் தேடிப் போகின்றனர். நவீன விமானங்களிலே கணினிகளை மேற்பார்வை செய்தே காலங் கழித்த கப்டன், 1935 இல் முதன்முதற் பறந்த டக்கோட்டா விமானத்தை எடுத்து, ஒரு முழு இரவும் மலைகளிடையே தடுமாறுகிறார். எயார் சிலோனின் முதற் சேவையை 1947 டிசம்பரிலே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியதும் அந்த டக்கோட்டா இனத்து விமானமே என்பது முதிய நேயர்களுக்கு நினைவிருக்கலாம்.

இத்தனையுஞ் சொன்னபின், குறையையுஞ் சொல்லவேண்டும். 2009 ஜனவரி 15 ஆம் திகதி நியூயோர்க்கிலே, வாத்துக்கூட்டம் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை, கப்டன் சலன்பேகர் ஹட்சன் ஆற்றிலே இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார். பின்னர் விசாரணையாளர், விமானிகளைப் பாவனைக் கருவியிலே இருத்தி, புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பியிருக்க முடியுமா என்று சோதித்தனர். பறவைகள் மோதிய அக்கணமே திரும்பியபோது, சில முயற்சிகள் வெற்றியளித்தன. ஆனால், என்ன நேர்ந்ததென்று அறிந்து முடிவெடுக்க ஒரு மனிதனுக்கு வேண்டிய நேரமாக 35 விநாடிகளைச் சேர்த்தபோது, முயற்சி தோற்றது. பாவனைக் கருவியில் இருந்தவர்களுக்கு என்ன வரப்போகிறதென்று முன்னரே தெரியும்; சலன்பேகருக்குத் தெரியாது. அந்த 35 விநாடிகளும் எந்தக் கருவிக்குள்ளும் இல்லை. வீட்டிலே எத்தனை தீயை மூட்டினாலும், நெஞ்சு உலர்வதில்லை. பக்கத்திலே துணைவிமானியின் முகம் வெளிறுவதில்லை. துணைவிமானியே இல்லையே! இரவு இரண்டு மணிக்குச் சமுத்திரத்தின்மேல் கோப்பி கொண்டுவந்து கொடுத்து, வீட்டுக் கதை பேசிய தோழமையையும் அது தரமாட்டாது. இவற்றை நன்றாக அறிந்தவர் அந்த விமானியே. அதனாலேதான் அவர் இதனை விளையாட்டு என்று தயங்காமற் சொல்கிறார். மெய்யென்று மயங்குபவர், மெய்யைக் காணாதவர்களே.

கழிந்த காலத்தைக் கட்டிப்பிடித்து அழும் பலவீனம் இது என்று சிலர் கூறுவர். நான் அதற்கு உடன்படேன். எல்லா விமானிகளும் இவ்வாறு செய்வாரென்று எண்ணற்க. சீருடையைக் கழற்றிய அன்றே விமானம் என்ற பேச்சையும் விட்டொழித்தவர் பலர். அவர்களைக் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் கட்டிப்பிடிப்பவர் எதனைக் கட்டிப்பிடிப்பார்? பதவியை, தோளிலிருந்த நான்கு பொன்வரிகளை, விமான நிலையத்திலே வழிவிட்டு ஒதுங்கிய கூட்டத்தை. வீட்டறையிலே இவை ஒன்றுமில்லை. ஊதியம் இல்லை, மரியாதை இல்லை, பரீட்சகரும் இல்லை. இவற்றையெல்லாம் உரித்தெடுத்தபின் எஞ்சுவது வேலை ஒன்றே. அந்த வெறும் வேலையிலே ஒருவருக்கு இன்னும் ஆசை இருக்கிறதென்றால், அவர் அத்தொழிலுக்கு உரியவராகவே இருந்திருக்கிறார். பாடசாலை அதிபரான எனக்கு இந்த அளவுகோல் சற்று அச்சமூட்டுகிறது. வரவுப் பதிவேடும், சுற்றுநிருபமும், பரீட்சைப் பெறுபேறும் நீங்கிய பிறகு, நன்னூலை எடுத்து ஒரு சூத்திரத்தை வெறும் இன்பத்துக்காகப் பிரித்துப் பார்ப்போர் எங்களில் எத்தனை பேர்? பரீட்சை முடிந்த மறுநாள் மாணவர் புத்தகத்தை எறிவதைப் பற்றி முறையிடும் நாம், அதே கேள்வியை எங்களிடமுங் கேட்கலாம்.

தனித்திருந்து பறப்பதில் அலுப்புற்றோர்க்கு இன்னொரு வழியும் உண்டு. 2001 ஆம் ஆண்டிலே தொடங்கிய வற்சிம் என்னும் வலையமைப்பிலே, உலகின் பல பாகங்களிலுள்ளோர் ஒரே பாவனை வானத்தில் ஒன்றுசேர்ந்து பறக்கின்றனர். சிலர் விமானிகள்; சிலர் தரையிலிருந்து விமானங்களுக்கு ஆணையிடும் கட்டுப்பாட்டாளர்கள். எல்லாரும் ஊதியமின்றி உழைப்போர். ஆனால் கட்டுப்பாட்டாளராக அமர்வதற்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. பேச்சு முறைகளும் உண்மை வானத்தில் வழங்குவனவே. ஒரு சொல் கூடுவதில்லை, குறைவதில்லை. அவ்வாறு ஆணையிடுவோருள் பள்ளி மாணவரும் உளர். இளைப்பாறிய கப்டன், இருபதாயிரம் மணித்தியாலம் மெய்யாகப் பறந்தவராயினும், தம் விமானத்தின் பெயரைக் கூறி இறங்க அனுமதி கேட்கிறார். மறுமுனையிலே இன்னும் முற்றாக உடையாத ஒரு குரல், நிலையத்திலே நெருக்கடி அதிகம், பத்து நிமிடம் வானத்திலே வட்டமிட்டு நிற்குமாறு பணிக்கிறது. உத்தியோக காலத்திலே அத்தகைய ஆணை வந்தால், எரிபொருளையும் பயணிகளின் முணுமுணுப்பையும் எண்ணி அவர் முகஞ் சுளித்திருப்பார். இன்று அந்த ஆணையைச் சொல்லுக்குச் சொல் திருப்பிக் கூறி உறுதிப்படுத்திவிட்டு, விமானத்தை வலப்புறம் திருப்பி வட்டமிடத் தொடங்குகிறார்.